குன்றுக்குப் பின்னால் எட்டு நாள்

என் சித்தி வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலு படி இறங்குவாள். திரும்பவும் ஏறிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருவில் அவளுக்கு 'ரெண்டுவாட்டி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குமேல் சொல்வதாக இல்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருபத்திரண்டு வருடம். ஊசி குத்துவது வேறு ஆள். எடுத்த ரத்தம் சின்னக் கண்ணாடிக் குழாயில் வரும். அது யாருடையது, என்ன வயது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதி ஒட்டுவது சித்தி. எழுதுவதற்கு முன்னால் ஆளிடம் பெயரைக் கேட்பாள். எழுதி முடித்த பிறகும் கேட்பாள். "இப்பத்தானேம்மா சொன்னேன்?" என்று எரிந்து விழுவார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க, பேரு ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்பாள். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பக்கத்து அறையில் இருக்கும் டாக்டரின் எழுத்தைப் பார்த்துவிட்டு இவள் எழுத்தைப் பார்த்தால் நோயே பாதி குணமாகிவிடும்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரே நேரத்தில் வந்த இரண்டு குழாய்களில் ஒட்ட வேண்டியதை மாற்றி ஒட்டிவிட்டாள். ஒரு பெரியவருடைய வியாதி, கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் பெயருக்குப் போய்விட்டது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி. நாலு நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தபோதுதான் தவறு தெரிந்தது. அந்த நாலு நாளும் அந்தப் பெண் தன் குழந்தையைத் தூக்கவே இல்லையாம். சித்தி அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் திட்டவில்லை, கத்தவில்லை. சித்தி பேசி முடிப்பதற்குள் உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். சித்தி இதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால், சித்தப்பாவிடம்.

சித்தப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் பக்கத்தில் பாதி ஃபிரிட்ஜின் வயிற்றுக்குள் அவர் கை போய்வந்திருக்கிறது. பெரிய சிரிப்பு, பெரிய தொப்பை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன்னால், படகு பழுது பார்க்கும் பட்டறையில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பாய்மரப் படகை வாங்கினார். அடியில் ஓட்டை. என் தலை நுழையும் அளவு. நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தெருவே சிரித்தது. 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளாமல் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் பட்டறை, லீவு நாளெல்லாம் பட்டறை. ஓட்டையை அடைத்தார், மரத்தை மாற்றினார், பாயைத் தைக்கக் கொடுத்தார்.

சித்தி அந்த ஆறு வருடமும் சும்மா இருக்கவில்லை. கடலில் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துப் பாதை போடுவதற்கு ஒரு சாயங்கால வகுப்பு நடக்கும். அதில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் அவள் வயதில் பாதி வயதுப் பையன்கள். முதலாவதாக வந்தது அவள். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் (அது என்னை விட்டது என்று அம்மா சொல்வாள்). சித்தி பரீட்சை எழுதிவிட்டு வந்து சிரித்த சிரிப்பைப் பார்த்த அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"படகு மிதக்குறது என் பொறுப்பு. அது எங்க மிதக்குதுன்னு சொல்றது அவ பொறுப்பு" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லுவார். உலகத்தைச் சுற்றி ஒன்றரை வருடப் பயணம். முதல் கட்டமே இருபத்து நாலு நாள், கண்ணுக்கு எட்டியவரை கரை இருக்காது. இரண்டே பேர் என்பதால் நாலு மணி நேரம் ஒருவர் விழித்திருந்து ஓட்ட வேண்டும், அந்த நாலு மணி நேரம் மற்றவர் தூங்க வேண்டும். திசைகாட்டும் கருவி இருந்தாலும் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதி வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது சித்தியின் சட்டம். கருவி கெட்டுப்போகும், நோட்டு கெட்டுப்போகாது என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின மாதம் நான் அவர்கள் வீட்டிலேயேதான் கிடந்தேன். அப்போதுதான் டப்பா வேலை நடந்தது.

நீண்ட பயணம் போகிறவர்கள் தகர டப்பாவில் அடைத்த சாப்பாட்டை அப்படியே படகில் அடுக்க மாட்டார்கள். படகின் அடிவயிற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். ஈரத்தில் டப்பாவின் காகிதம் உரிந்து மிதந்து போய்த் தண்ணீரை இறைக்கும் பம்பை அடைத்துவிடும். அதனால் காகிதத்தை முன்கூட்டியே உரித்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியில் அழியாத பேனாவால் எழுதிவிட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பா. மூன்று நாள் நானும் சித்தியும் கூடத்தில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, பசையைச் சுரண்டினோம். என் நகமெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மூடியில் எழுதுவது சித்தி மட்டும்தான். பட்டாணிக்கு 'ப', தக்காளிக்கு 'த', மீனுக்கு 'மீ', அன்னாசிக்கு 'அ'. உரித்த டப்பாக்கள் எல்லாம் மொட்டை அடித்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஒரே ஜாடையில் இருந்தன.

மூன்றாம் நாள் மதியம் புதுப் பம்பைப் பொருத்த இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். பக்கத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது.

மீன் இருபத்து நாலு, அன்னாசி இருபத்து நாலு. இரண்டும் ஒரே உயரம், ஒரே கனம். நாற்பத்தெட்டு மூடியையும் துடைத்து 'மீ'யை 'அ' ஆக்கினேன், 'அ'வை 'மீ' ஆக்கினேன். சித்தியின் எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மா கையெழுத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதி எழுதி வந்த கை இது. சித்தியே பார்த்தாலும் தன் எழுத்து என்றுதான் சொல்லுவாள்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், பாதிக் காரணம் குசும்பு. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒன்றரை வருடம். நடுக்கடலில் ஒரு மதியம், இனிப்பு சாப்பிடலாம் என்று சித்தப்பா டப்பாவைத் திறப்பார், மீன் முழித்துப் பார்க்கும். "அந்தக் கழுதை வேலைடி இது!" என்பார். சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். திட்டுவதற்காகவாவது என்னை நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அதுவும் ஒருமுறை இல்லை, நாற்பத்தெட்டு முறை.

கணக்கில் ஒன்று விட்டுப்போய்விட்டது. எழுத்து சித்தியுடையது. அப்புறம் என்னை யார் நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். தெருவே படகுத்துறைக்கு வந்துவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. அவர்கள் கட்டிலில் அன்றைக்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் விசில் அடித்தார். அம்மா, தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். சித்தப்பா படகின் மேல் நின்று பிரசங்கமே செய்தார். "ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் இந்த மண்ணுல கால் வைப்பேன்! அதுவரைக்கும் யார் வீட்டு ஃபிரிட்ஜும் கெட்டுப்போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

சித்தி கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லா முடிச்சையும் பார்த்தாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ரெண்டுவாட்டி! இன்னொரு தடவை பாத்துக்கம்மா!" எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்துவிட்டு, நிஜமாகவே இன்னொரு தடவை பார்த்தாள். பாய் ஏறியது. வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு போனது. நான் கையை ஆட்டவில்லை. கண்ணில் தூசி.

ஐந்தாம் நாள் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'நல்லா இருக்கோம். காத்து நல்லா இருக்கு.' அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். எனக்கு மட்டும் உறுத்தியது. நடுக்கடலில் டவர் நட்டது யார்? மொட்டை மாடிக்குப் போய் சித்தியின் நம்பரை அடித்தேன். மணி அடித்தது. எடுத்தாள்.

"சித்தி, எங்க இருக்க?"

தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. "உங்கம்மா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல."

"கலங்கரை விளக்கம் இருக்குல்ல, அந்தக் குன்றுக்குப் பின்னாடி. நங்கூரம் போட்டிருக்கோம்."

படகுத்துறையிலிருந்து அது பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சித்தி, உலகம் அவ்வளவு சின்னதாயிடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "டப்பாவுல ஏதோ குளறுபடி ஆயிடுச்சுடி. மொத நாளே அன்னாசின்னு தொறந்தா மீனு. அதுல ஆரம்பிச்சது. இப்ப அவருக்கு நான் எழுதுன எதையும் நம்ப முடியல. பழைய கதையெல்லாம் பேசியாச்சு. திரும்பி வரலாம்னா அத்தனை பேர் வந்து வழியனுப்பிட்டாங்க, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? போகவும் முடியல." பிறகு சட்டென்று, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். 'நான்தான் மாத்தினேன்.' வாய் வரவில்லை. "சரி சித்தி" என்று வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் இடம். டப்பாவை மாற்றியது ஒரு மதியத்து முட்டாள்தனம். அந்த இரண்டு நாளை அப்படிச் சொல்ல முடியாது. சாப்பிட்டேன், தூங்கினேன், டி.வி. பார்த்தேன். அம்மா ஆள் ஆளாகப் பிடித்து, "என் தங்கச்சி இந்நேரம் நடுக்கடல்ல இருப்பா" என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எட்டாம் நாள் காலை, சைக்கிள் கடைக்காரர், "உங்க சித்தி ஆளு கெட்டிக்காரிம்மா, நான்தான் சும்மா கிண்டல் பண்ணிட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே போய் பஸ் ஏறினேன்.

குன்றுக்குப் பின்னால் சின்ன வளைகுடா. நாலைந்து மீன்பிடிப் படகுகள் மணலில் கிடந்தன. தண்ணீரில் எங்கள் படகு, பாயைச் சுருட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றது. போன் செய்தேன். சித்தப்பா சின்ன ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். எட்டு நாள் தாடி. மீனவர்கள் யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கியிருந்தார். அவர்களுக்கு அவரைத் தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம்.

"யாருகிட்டயும் சொல்லலியே?"

"இல்ல கேப்டன்."

"கேப்டன்னு கூப்பிடாத" என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

துடுப்புப் போட்டபடியே குரலைத் தாழ்த்திப் பேசினார். "உன் சித்தியப் பத்தி உங்கிட்ட சொல்லக் கூடாதுதான். ஆனா நீயே சொல்லு. ஒரு டப்பால என்ன இருக்குன்னு சரியா எழுதல. அடுத்ததத் தொறந்தேன், அதுவும் தப்பு. இவ போடுற பாதையை நம்பி நான் நாலு மணி நேரம் கண்ண மூடணும். மூட முடியுமா? அன்னைக்குச் சாயங்காலமே நான் தனியா ஒரு கணக்குப் போட்டேன். இவ சொன்ன பக்கம் திருப்பல. நான் போட்ட பக்கம் திருப்புனேன்."

"அப்புறம்?"

துடுப்பு தண்ணீரைக் கலக்கியது. "மணல்ல தட்டிடுச்சு. தண்ணி ஏறுற வரைக்கும் சாஞ்சு கிடந்தோம்."

"அப்ப சித்தி கணக்குதானே சரி?"

"நீரோட்டம் கொஞ்சம் இழுத்துடுச்சு" என்றார். காது சிவந்தது.

படகின் உள்ளறை எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதிகூட இல்லை. இரண்டு பக்கமும் படுக்கை, நடுவில் மடக்கு மேசை, அதன்மேல் வரைபடம். சித்தி இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்டியாடி?" என்றாள். மேசையில் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று சித்தியின் அச்சு எழுத்து. இன்னொன்றில் சித்தப்பாவின் கோழிக் கிறுக்கல். அவள் போட்ட ஒவ்வொரு கணக்கையும் அவர் திரும்பப் போட்டிருந்தார். நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நிற்கும் படகுக்கு, மணிக்கு ஒரு தடவை, இரண்டு பேரும் தனித்தனியாக.

நான் அதையும் இதையும் பேசினேன். குடியிருக்க வந்தவர்கள் வீட்டுக்கு என்ன நிறத் திரைச்சீலை மாட்டியிருக்கிறார்கள் என்றேன். சைக்கிள் கடைக்காரர் மாதிரி விசிலடித்துக் காட்டினேன். சித்தப்பாகூட ஒருமுறை லேசாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில், "உன் சித்தி குழாயை மாத்தி ஒட்டின காலத்துலேர்ந்தே இப்படித்தான்" என்று ஆரம்பித்தார்.

சித்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கெட்டில் மேசையில் 'டக்' என்று இறங்கியது. "அத அவகிட்டயுமா?" என்றாள். கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, அந்தக் கைக்குழந்தைக்காரியின் கதையைத் தானே சொன்னாள், முதலிலிருந்து கடைசிவரை, ஒன்றையும் விடாமல். "அரைகுறையாத் தெரியறதுக்கு முழுசாத் தெரிஞ்சுக்கோ" என்றாள். சொல்லும்போது அவள் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"டப்பாவ நான்தான் மாத்தினேன்" என்றேன். "நகப்பூச்சு அழிக்கிறத வெச்சு அழிச்சுட்டு உன்ன மாதிரியே எழுதினேன். மீனும் அன்னாசியும். மொத்தம் நாப்பத்தெட்டு. சும்மா வெளாட்டுக்கு."

விளையாட்டுக்கு என்ற சொல் இவ்வளவு நாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சித்தப்பா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. படகே ஆடியது. "அடி கழுதை! நீயா! எட்டு நாளா நான் தூங்கலடி!" என் தலையில் ஒரு குட்டு, முதுகில் ஒரு தட்டு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கேட்டியா? உன் மேல தப்பே இல்ல! டப்பாவ இவ மாத்தியிருக்கா! முடிஞ்சுது, நாளைக்கே கெளம்புறோம்!"

சித்தி சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன்டி சொன்ன?"

நான் எதற்கு வேண்டுமானாலும் தயாராகத்தான் போயிருந்தேன். அடிக்கு, திட்டுக்கு. இதற்குத் தயாராக இல்லை. "சித்தி... உன்மேல பழி..."

அவள் படுக்கைக்கு அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு நோட்டை எடுத்தாள். பிரித்து மேசையில் வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் கம்பெனிக்காரன் தகரத்தில் குத்திய எண் இருக்குமே, அதை உரிக்கும்போதே எழுதி வைத்திருக்கிறாள். எண், எதிரே உள்ளே இருக்கும் பொருள். மூடியில் எழுதியது போதாதென்று இது ஒன்று. மூன்று நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவள் என்ன எழுதுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"மொத மீனு வந்தப்பவே டப்பாவத் திருப்பிப் பாத்துட்டேன்" என்றாள். "நான் எழுதுனது சரி, யாரோ மாத்தியிருக்காங்கன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. என் எழுத்த என்ன மாதிரியே எழுதுற ஆளு உலகத்துல எத்தன பேரு இருப்பாங்க?"

சித்தப்பாவின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. "தெரியுமா? அப்ப ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டியிருந்தா நம்பியிருப்பீங்க."

"பின்ன?"

"நோட்ட நம்பியிருப்பீங்க. இருவத்தி நாலு நாளு தண்ணியில கெடக்கணும். ஒவ்வொரு தடவையும் நான் நோட்டும் கையுமா வந்து உங்க முன்னாடி நிக்கணுமா? என்னைக்காவது ஒரு நாள் நான் நெசமாவே தப்பு பண்ணுவேன். மனுஷிதானே? அன்னைக்கு என்ன பண்ணுவீங்கன்னு பாத்துடலாம்னு நெனச்சேன்." கெட்டிலைத் தூக்கி, ஊற்றாமல் திரும்ப வைத்தாள். "பாத்துட்டேன்."

வெளியே கயிறு பாய்மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் அந்தச் சின்னப் படுக்கையில் எப்படி அவ்வளவு சிறியதாக உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. தன் கோழிக் கிறுக்கல் நோட்டை எடுத்தார். புரட்டினார். எட்டு நாளைய கணக்கு. எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்த மணல்..." என்றார். "நீரோட்டம் இல்ல. நான் தப்பாப் போட்டேன். நீ சொன்னதுதான் சரி. அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"குழாய் விஷயம்... அத வாயில எடுத்திருக்கக் கூடாது."

"ஆமா" என்றாள் சித்தி. பரவாயில்லை என்று அவள் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் பேனாவையும் துணியையும் நகர்த்தினாள். "நாப்பத்தெட்டு. எடு வெளிய."

அன்று மதியம் முழுக்க நான் படுக்கைக்கு அடியில் பல்லி மாதிரி ஊர்ந்து டப்பாக்களை எடுத்தேன். சாப்பிட்டுத் தீர்த்தது போக நாற்பத்தொன்று மிச்சம். சித்தப்பா ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் இருந்த எண்ணை வாசித்தார். சித்தி நோட்டைப் பார்த்து, "மீன்", "அன்னாசி" என்றாள். நான் அழித்து எழுதினேன். "உன் எழுத்துல எழுதுடி. என் எழுத்துல வேணாம்" என்றாள். அதனால் அந்த நாற்பத்தொரு டப்பாவில் மட்டும் என் கோணல் எழுத்து இருக்கிறது. என்னை நினைப்பார்கள் என்று ஆசைப்பட்டேனே, இனி நினைப்பார்கள். எப்படி என்பதுதான் வேறு.

நடுவில் ஒருமுறை சித்தப்பா ஒரு எண்ணைத் தவறாக வாசித்துவிட்டார். தானே கண்டுபிடித்து, "இரு, ரெண்டாவது தடவை பாத்துச் சொல்றேன்" என்றார். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி டப்பா உள்ளே போனதும் சித்தப்பா கேட்டார், சிறு பிள்ளை ஆசிரியரிடம் கேட்பதுபோல: "இப்ப என்ன பண்ணலாம்? வீட்டுக்குத் திரும்பணும்னா திரும்பிடலாம். துறையில இறங்கி, நான் மணல்ல ஏத்துனேன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

எனக்குத் தெரிந்து, மானம் போகிற வேலைக்கு அந்த மனிதர் தானாக முன்வந்தது அதுதான் முதல் தடவை. சித்தி வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஆறு வருடம் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொங்கவிட்டதில் எனக்கும் ஒரு பங்கு.

"இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி ஏறும்" என்றாள். "குன்ற ஒட்டிப் பாறையெல்லாம் இருக்கு. நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க தூங்குங்க."

"பாறையா? நான் முன்னாடி நின்னு பாத்து..."

அவள் அவரைப் பார்த்தாள்.

"தூங்குறேன்" என்றார்.

சித்தியே என்னை ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுவந்து விட்டாள். மணலில் இறங்கும்போது, "சித்தி, என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"எழுதி வெச்சுக்கலடி" என்றாள். என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பசைத் துணுக்கைச் சுரண்டி எடுத்தாள். "போன்ல பேசினப்புறம் அந்த ரெண்டு நாளும் நீ சாப்டியா இல்லையா?"

"சாப்டேன்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வரவில்லை.

தலையசைத்துவிட்டுத் துடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். ரப்பர் படகை ஏற்றிக் கட்டினாள், நங்கூரத்தை இழுத்தாள், எல்லாம் தனியாக. பாதிப் பாய் ஏற்றினாள். படகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் குன்றின் ஓரமாக நகர்ந்தது. வெயில் இன்னும் நன்றாகவே இருந்தது. எனக்குப் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"அந்தம்மா ஒத்தையா எடுத்துட்டுப் போறாங்களே. அந்தத் தொப்பிக்காரரு எங்க?"

"உள்ள தூங்குறாருங்க."

"இந்தப் பாறைக்கு நடுவுலயா?" அவர் வலையைக் கீழே போட்டுவிட்டார். "யாருக்குத் தூக்கம் வரும் அங்க?"

எனக்கும் தெரியாது. கண்ணை மூடிப் படுத்திருந்தாரா, இல்லை தலைக்கு மேல் இருக்கும் பலகையைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தாரா, யார் கண்டது. படகு முதல் பாறையைத் தாண்டியது. சித்தி ஒருமுறை குனிந்து எதையோ பார்த்தாள், கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள். இரண்டாவது பாறை. பாய் ஒருமுறை படபடத்து அடங்கியது. படகு வெளிக்கடலுக்குள் நுழைந்து சின்னதாகும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே வரவில்லை.